வசந்தியின் தாச்சியில் வார்த்த சன்னங்கள்

மச்சான்,

இன்று காலை எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குள் வெடிச்சத்தம் கேட்டது. ‘டக், டக், டடக்’ என்று நிற்காமல். மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பாதி உடம்பு மேசைக்குக் கீழே போய்விட்டது. “என்னப்பா அங்கை?” என்று மனைவி கேட்டாள். “கரண்டி விழுந்திட்டுது, எடுக்கிறன்” என்றேன். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் ஏன் இத்தனை கரண்டி விழுகிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல மனிசி.

மெசினை நிற்பாட்டி உள்ளே கையை விட்டவள், இரண்டு விரலால் ஒரு சாமானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீ வார்த்த துப்பாக்கிச் சன்னம். தோட்டாவின் முனையில் இருந்து பறக்கிற அந்த ஈயத்துண்டு. அதுவும் நீ முதன்முதலில் வார்த்தது, சுருங்கிப்போய் முகம் கோணிய அந்த ஒன்று.

“உங்கட காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள இருந்து வந்தது. என்ர சட்டையளோட ஈயத்தைத் தோய்க்கிறியளே? உது நஞ்செல்லே? அந்த மனிசன் செத்தும் இந்த வீட்டுக்குக் கரைச்சல் தாறார்” என்று சொல்லிவிட்டு, அதை மேசையில் வைத்தாள். பிறகு ஏனோ திரும்பி வந்து, குசினித் துவாயால் அதைத் துடைத்து வைத்தாள். மூக்கில் வைத்துப் பார்த்தேன். சவர்க்காரத்தையும் மீறித் தேங்காய் எண்ணெய் மணந்தது.

அது எப்படி என் பொக்கற்றுக்குள் வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாதே. உனக்குத்தான் இப்போது ஒரு வேலையும் இல்லையே.

ஒவ்வொரு யூலை முதலாம் திகதியும், இந்த நாட்டின் பிறந்தநாளான கனடா டேக்கு, மல்வேர்னில் உன் வீட்டில்தான் நாங்கள் எல்லாரும் கூடுவோம். பின்னேரம் பார்பிக்யூ, கொத்துரொட்டி, பிறகு பிள்ளைகள் எல்லாரும் வான் வண்டியில் ஏறி ஏரிக்கரைப் பார்க்குக்கு வாணவேடிக்கை பார்க்கப் போவார்கள். நானும் நீயும் மட்டும் போகமாட்டோம். “அங்கை சரியான நுளம்பு, கடிச்சுக் கொல்லும். மனிசன் போவானே?” என்பாய் நீ. “நுளம்பு எண்டால் சும்மா நுளம்பே? ஆளைத் தூக்கிக்கொண்டு போயிடும்” என்பேன் நான். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்றுக்குள் இறங்கி, கதவைச் சாத்தி, ரீவியின் சத்தத்தைக் கடைசிவரை கூட்டிவிட்டு, ‘கழுதை’ விளையாடுவோம். அறுபதை எட்டிப் பிடிக்கிற இரண்டு கிழடுகள் எதிரும் புதிருமாக இருந்து காட்ஸில் கழுதை விளையாடுவதை யாராவது பார்த்திருந்தால் பைத்தியகாரர் என்று நினைத்திருப்பார்கள். வெளியே அயலவர்கள் கொளுத்துகிற வெடி எப்படியோ சுவர் வழியாகக் கேட்கும். அப்போது நீ பிழையான சீட்டை இறக்குவாய், நான் அதை ஏன் என்று கேட்காமல் வெட்டுவேன். பேச்சு மட்டும் நுளம்பைப் பற்றித்தான்.

ஊரில் ஒரே ஒழுங்கையில் பிறந்து, சண்டைக்காலத்தில் உன் அப்பா வெட்டிய பங்கருக்குள் ஒன்றாகக் குந்தியிருந்தவர்கள் நாங்கள். ஷெல் விழும்போதெல்லாம் “தூரத்திலதான் மச்சான், தூரத்திலதான்” என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். பக்கத்து வளவுத் தென்னைமரம் முறிந்து பங்கர் வாசலில் விழுந்தபோதும் அதையேதான் சொன்னாய். உன் சொல்லை நம்பியிருந்தால் நான் என்றோ போயிருப்பேன். ஆனால் நீ சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துச் செத்திருப்பேன். அதனால் கனடாவிலும் உனக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்ற் இருந்தால் போதும் என்று இருந்தேன்.

அதைக் கெடுத்தது உன் பேத்தி அபிதான். ஐந்து வயசுக் குஞ்சு. வானில் ஏறுகிற நேரம் திரும்பி வந்து உன் சாரத்தைப் பிடித்து, “அப்பப்பா, ஆர் யூ ஸ்கெயாட்? பயமா?” என்று கேட்டாள். நீ நுளம்பைப் பற்றி வாயைத் திறந்தாய். அவள் தன் கையில் இருந்த நுளம்புக்கு அடிக்கிற ஸ்பிரேயை எடுத்து உன் இரண்டு காலுக்கும் ‘புஸ் புஸ்’ என்று அடித்துவிட்டு, “நவ் கம்” என்றாள். அன்றைக்கு நீ போகவில்லை. ஆனால் கழுதை விளையாட்டிலும் உன் மனம் இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுக் கழுதையானது நீதான்.

அடுத்த கிழமை வந்து நின்றாய், பெரிய சாதனை செய்தவன் மாதிரி. “மச்சான், நான் துப்பாக்கி சுடுற கிளப்பில சேரப்போறன்.”

“உனக்கென்ன விசரே?”

“இல்லையடா, கேள். எங்களுக்குப் பயம் ஏன்? எப்ப வெடிக்கும், எங்க வெடிக்கும் எண்டு தெரியாது. வெடிக்க வைக்கிறவனே நான் எண்டால் எனக்கு என்ன பயம்? அபியோட ஒருக்கா வாணவேடிக்கைக்குப் போகவேணும் மச்சான். அவள் வளந்து, என்னைக் கூப்பிடாமல் விடுறதுக்கு முந்திப் போகவேணும்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நீ போனால் பேஸ்மென்றில் நான் ஆரோடு விளையாடுகிறது? அதைச் சொல்ல முடியுமா? “நுளம்பு கடிக்கப் போகுது, பார்” என்றுதான் சொன்னேன்.

கைத்துப்பாக்கி வாங்க விற்கத் தடை வருவதற்குச் சற்று முந்தி, வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய ரிவோல்வர் வாங்கினாய். இருந்ததிலேயே சின்ன அளவுத் தோட்டா போடுகிறது. “இதுதான் மெல்லமாச் சத்தம் போடும்” என்றாய். சத்தத்துக்குப் பயம் தெளியத் துப்பாக்கி வாங்கப் போனவன் சத்தம் குறைந்த துப்பாக்கியாகத் தேடி வாங்கிய கதையை நான் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பேன்.

லைசென்ஸுக்கு உன் மனைவி வசந்தியிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். “போடுறன். ஆனால் என்ர குசினிச் சாமான் ஒண்டிலயும் கை வைக்கக் கூடாது” என்றாள். மனிசிக்கு உன்னைப் பற்றித் தெரியும்.

அந்தச் சின்ன அளவுத் தோட்டா கடைகளில் லேசில் கிடைக்கவில்லை. கிளப்பில் கொஞ்சப் பேர் தாங்களே சன்னம் வார்த்துத் தோட்டாவும் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டாய். ரயர்க்கடைத் தம்பியிடம் சொல்லிச் சில்லுகளில் ஒட்டுகிற பழைய ஈயக்கட்டிகளை ஒரு வாளி நிறைய வாங்கினாய். இரட்டைக் குழி வைத்த ஒரு அலுமினிய அச்சு வாங்கினாய். உருக்குவதற்கு இரும்புச் சட்டியும் வாங்கியிருக்கலாம். நீ வாங்கவில்லை. வசந்தி ஊரில் இருந்து சூட்கேசுக்குள் சீலையால் சுற்றிக் கொண்டுவந்த தாச்சியை, அவள் கோயிலுக்குப் போன நேரம் கராஜுக்குக் கடத்தினாய். தீபாவளிக்கு வடையும் முறுக்கும் பொரிக்கிற இரும்புத் தாச்சி. “கழுவி வைக்கலாம்தானே” என்றாய். ஈயம் உருக்கின சட்டியில் பிறகு தண்ணிகூடக் கொதிக்கவைக்கக் கூடாது என்று நான் சொன்னபோது, உன் முகத்தில் ஈ ஆடவில்லை.

வசந்தி மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள் கராஜுக்குள் வந்து, சாரத்தோடு நின்ற உன்னைப் பார்த்துவிட்டு, “இஞ்ச, கொதிக்கிற ஈயத்துக்கு முன்னால சாரத்தோட நிக்கிற ஆள் இந்த ரொறன்ரோவில நீங்கள் ஒராள்தான்” என்று சொல்லிவிட்டுப் போய், ஜீன்ஸையும் பனிச்சப்பாத்தையும் கொண்டுவந்து எறிந்தாள். அன்று முதல் வெயில் கொளுத்துகிற நாளிலும் நீ பனிச்சப்பாத்து, தோல் கையுறை, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு என்று நின்றாய். கராஜ் கதவு முழுதும் திறந்திருக்கவேண்டும். வேலை முடிந்தால் செத்தவீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி வாசலிலேயே கழுவிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

என் இடம் கதவுக்கு வெளியே, மடக்குக் கதிரையில். நீ ஈயத்தின் மேலே மிதக்கிற கசட்டைக் கரண்டியால் வழித்தெடுப்பாய். பிறகு அச்சுக்குள் வார்த்து, ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்து, அச்சை விரித்து, பழைய துவாயில் தட்டுவாய். முதல் வந்தது இதுதான், இன்று மெசினுக்குள் ஆடினது. “என்னடா இது, கிழவியின்ர முகம் மாதிரி?” என்றேன். அச்சுச் சூடேறாவிட்டால் அப்படிச் சுருங்குமாம். சூடு கூடினால் மேலெல்லாம் பனி பூத்த மாதிரி வெளிறும். வசந்தி குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்து, “எண்ணெய் காயமுந்தி வடையைப் போட்டால் அப்பிடித்தான் வரும். முதல் நாலு வடையை எறியவேணும்” என்றாள். கோபம் கோபம்தான், ஆனால் தாச்சியில் ஒருவன் பிழையாகச் சமைத்தால் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் சொன்னபடி முதல் வந்தவற்றைத் திருப்பி உருக்கிவிட்டு வார்த்தாய், மினுமினுவென்று வந்தது. இந்தக் கோணல் ஒன்றை மட்டும் உருக்காமல் எடுத்து வைத்தாய்.

“பயமில்லையே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்களைக் கலைச்சதெல்லாம் கெட்டிக்காரர் செய்த சாமான் மச்சான். இது நான் செய்தது. நான் செய்த சாமான் எப்பயடா ஒழுங்கா வேலை செய்தது?”

என் வீட்டுக் குழாயைத் திருத்துகிறேன் என்று வந்து பேஸ்மென்றை நீச்சல் குளமாக்கிவிட்டுப் போனவன் நீ. நியாயமான பேச்சுத்தான்.

சன்னத்துக்கு மேலே கொஞ்சம் மெழுகும் கொழுப்பும் பூசவேண்டும் என்று அந்தக் கிளப்காரர் சொன்னார்கள். நீ கடையில் விற்கிறதை வாங்குவாயா? மெழுகுதிரியோடு வசந்தி தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயைக் கலந்து காய்ச்சிப் பூசினாய். நகரத்துக்கு வடக்கே இருக்கிற அந்தக் கிளப்புக்கு நானும் விருந்தாளியாக வந்தேன், காதுக்குள் பஞ்சு, அதற்கு மேலே கவசம், அதற்கு மேலே கம்பளித் தொப்பி. நீ ஆறு வெடி வைத்தாய். புகை எழும்பியது. அங்கே பொறுப்பாக நிற்கிற கென் என்ற வெள்ளைக்காரக் கிழவர் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்து, “இங்கே யார் டோனற் பொரிக்கிறது?” என்று இங்கிலிஷில் கேட்டார். பக்கத்து மேடைக்காரன் தனக்குப் பசிக்கிறது என்றான். நீ நெஞ்சை நிமிர்த்தி, அது எங்கள் ஊர்ப் பாரம்பரிய முறை என்று அவருக்கு விளக்கம் கொடுத்தாய். அப்படி ஒரு பாரம்பரியம் எந்த ஊரில் இருந்ததடா?

ஆனால் இலக்குக் கடதாசியில் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த கிழமைக்கும் அதையே பாவிக்கலாம் போல இருந்தது. கென் வந்து மெதுவாகச் சொன்னார், “சேர், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறீர்கள்.” வாற வழியெல்லாம் நான் ஒரு பகிடியும் விடவில்லை. அடுத்தடுத்த கிழமைகளிலும் அதேதான். சன்னம் வடிவாக வந்தது, கண் திறக்கவில்லை. அபிக்கு அப்போது எட்டு வயசாகிவிட்டது. வாணவேடிக்கைக்கு வரச்சொல்லிக் கேட்கிறதை அவள் கிட்டத்தட்ட விட்டுவிட்டாள். அதுதான் உன்னை வதைத்தது.

அந்த வருஷம் சரஸ்வதி பூசைக்கு வசந்தி உன் சாமான்களையும் படைத்தாள். “என்ன இருந்தாலும் அதுவும் ஒரு தொழில்தானே” என்றாள். பூட்டுப் போட்ட பெட்டிக்கு ஒரு சந்தனப் பொட்டு, அச்சுக்கு ஒன்று, தாச்சிக்குப் பெரிதாக ஒன்று, ஈயக்கட்டிகளுக்கு வரிசையாக. விஜயதசமி அன்று எல்லாவற்றின் மேலும் மாவிலையால் மஞ்சள் தண்ணி தெளித்தாள். அன்று பின்னேரமே, நல்ல நாளில் தொடங்கவேண்டும் என்று தாச்சியில் ஈயத்தை உருக்கினாய். தளதளவென்று வந்ததும், “முதல்ல சாமிக்குப் படைச்சதைப் போடுவம்” என்று, பொட்டு வைத்த கட்டிகளில் ஒன்றைப் பக்தியோடு எடுத்து உள்ளே போட்டாய்.

அந்தக் கட்டியின் குழிக்குள் வசந்தி தெளித்த தண்ணி கிடந்தது. கொதிக்கிற ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணி போனால் என்ன நடக்கும் என்று உனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள். ஆனால் தீர்த்தத்தைத் தண்ணி என்று யார் நினைப்பது?

வெடித்தது பார், மச்சான்! தாச்சியில் இருந்த ஈயத்தில் பாதி கராஜ் முகட்டில். நல்ல காலம், முகமறைப்பும் கையுறையும் பனிச்சப்பாத்தும் உன்னைக் காப்பாற்றின. கதிரையில் இருந்த நான் எப்படி வந்தேனோ தெரியாது, கண்ணைத் திறந்தபோது உன் காருக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தேன், கை இரண்டும் தலைக்கு மேலே. எனக்கு நேரே நீயும் அதே மாதிரி. முகட்டில் இருந்து ஈயம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நீ சொன்னாய், “தூரத்திலதான் மச்சான், தூரத்திலதான்.”

முதலில் நான் சிரித்தேனா, நீ சிரித்தாயா தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வசந்தி ஓடிவந்து, “ஐயோ கடவுளே, ரெண்டு பேரும் போயிட்டினம்” என்று கத்தி, நாங்கள் சிரிக்கிறதைக் கண்டதும், “கோதாரியள்!” என்று திட்டிக்கொண்டே அழுதாள். அவள் தண்ணி எடுக்க உள்ளே போன பிறகுதான் நீ தலையை என் பக்கம் திருப்பினாய். முகத்தில் சிரிப்பு இல்லை.

“மச்சான், நுளம்பு எண்டு சொன்னதெல்லாம் பொய்தானே? எனக்குப் பயம்தான்ரா. உனக்கு?”

நான் எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, “நுளம்பு கடிக்கும்தானே” என்றேன். நீ கையை நீட்டினாய், தூக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு உன் கண் திறந்துவிட்டது. எப்படி என்று கேட்டதற்கு, “பயமெண்டு வாயால சொல்லிப்போட்டன், இனி மறைக்க என்ன கிடக்கு?” என்றாய். அந்தக் கிழமையே கடதாசியில் ஓட்டை விழுந்தது. ஓரத்தில்தான், ஆனால் ஓட்டை. கென் உன் முதுகில் தட்டினார். வசந்தி அந்தக் கடதாசியைக் குளிர்ப்பெட்டியில் அபியின் படங்களுக்கு நடுவே ஒட்டினாள்.

போன கனடா டேக்கு அபி கேட்கவே இல்லை. நீயாகவே போய் வானில் முன்சீற்றில் ஏறி இருந்தாய். அவள் உன்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. நான் பேஸ்மென்றுக்குள் இறங்கி, ரீவியைக் கூட்டிவிட்டு, என்னோடு நானே கழுதை விளையாடினேன். தோற்றதும் நான், வென்றதும் நான். நீ திரும்பி வந்தபோது கழுத்தெல்லாம் தடித்திருந்தது. “வடிவா இருந்தது மச்சான். முதல் ரெண்டுக்கும் அபியின்ர கையை நசுக்கிப்போட்டன், பிறகு சரி. வாற வருசம் நீயும் வாறாய்.” நான் காட்ஸைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

வருகிற வருஷம் என்று சொன்னவன் மாசியிலேயே போய்விட்டாய். பனி வழிக்கப் போனவன், மாரடைப்பு. உனக்குப் பயம் இருந்ததெல்லாம் வெடிக்கு, கொண்டுபோனது ஒரு சத்தமும் இல்லாத பனி. எனக்கு உன்னில் இன்னும் கோபம்தான்.

துப்பாக்கியை இப்போதைய சட்டப்படி வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வசந்தி பொலிசுக்கு அறிவித்தாள். இரண்டு பேர் வந்து மரியாதையாகக் கேட்டு எடுத்துப்போனார்கள். அவள் கராஜில் கிடந்த தாச்சியையும் காட்டி, இதையும் கொண்டுபோங்கள் என்றாளாம். அது ஆயுதம் இல்லையே அம்மா என்று அந்தப் பொலிஸ்காரன் சொன்னானாம். “என்ர மனிசன்ர கையில அதுதான் பெரிய ஆயுதம்” என்று என்னிடம் சொல்லி அழுதாள். தாச்சி இப்போதும் கராஜ் சுவரில் தொங்குகிறது. முகட்டு ஈயத்தையும் அவள் சுரண்டவிடவில்லை. மிச்சச் சன்னங்கள் எல்லாம் ரயர்க்கடைத் தம்பியிடம் திரும்பிப் போயின. இந்தக் கோணல் ஒன்றை மட்டும் என் கையில் வைத்து, “அண்ணை, இது உங்களுக்கு எண்டு சொல்லி எடுத்து வச்சவர்” என்றாள்.

நேற்று, கனடா டே பின்னேரம், வழக்கம்போல உன் வீட்டில் கூடினோம். நான் பேஸ்மென்றுப் படியில் காலை வைத்தேன். பின்னால் அபி நின்றாள், கையில் அந்த ஸ்பிரே. ஒன்பது வயசில் உன் மூக்கு அப்படியே. “தாத்தா, அப்பப்பா சொன்னவர் திஸ் இயர் நீங்க வருவீங்க எண்டு. ஹீ புரொமிஸ்ட்.” நான் செய்யாத சத்தியத்தை எனக்காக நீ செய்துவிட்டுப் போயிருக்கிறாய். உன் புத்தி தெரிந்ததுதானே. வானில் ஏறினேன். முன்சீற்றில்.

ஏரிக்கரையில் சனம் என்றால் சனம். முதல் வாணம் சீறிக்கொண்டு எழும்பிய சத்தத்துக்கே என் கால் ஓடப் பார்த்தது. அபி ஒரு கையைப் பிடித்திருந்தாள். மற்றக் கையைப் பொக்கற்றுக்குள் விட்டு உன் சன்னத்தை இறுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். வெடித்தது. நெஞ்சுக்குள்தான் வெடித்தது. “தூரத்திலதான்” என்று என் வாய் தானாகச் சொன்னது.

“ஓம் தாத்தா, அது தூரத்திலதான்” என்றாள் அபி, சாதாரணமாக. “ஓபின் யோர் ஐஸ்.”

திறந்தேன். சிவப்பு, பச்சை, பிறகு தங்கம் தங்கமாக ஏரிக்குள் கொட்டியது. வடிவுதான் மச்சான். நீ சொன்னது சரி. பக்கத்தில் நீ இல்லை என்பதுதான் பொறுக்க முடியவில்லை. அபியின் விரலை நானும் நசுக்கியிருப்பேன் போல, முடிந்த பிறகு கையை உதறிக்கொண்டு, “அப்பப்பாவை விட நீங்க வேர்ஸ்” என்றாள்.

அந்தக் காற்சட்டையைத்தான் அப்படியே உடுப்புக் கூடைக்குள் போட்டேன். சன்னம் இப்போது காய்ந்துவிட்டது. மனைவிக்குத் தெரியாமல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு குட்டிப் போத்தலுக்குள் போட்டு மூடி, மற்றக் காற்சட்டைப் பொக்கற்றில் வைத்திருக்கிறேன்.

கராஜ் தரையில் கிடந்து நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஓம் மச்சான், எனக்கும் பயம்தான். நுளம்பு என்று சொன்னதெல்லாம் பொய்தான்.

ஆனால் கழுத்து, காது, கணுக்கால் எல்லாம் தடித்துப்போய், இதை எழுதவிடாமல் சொறிந்துகொண்டிருக்கிறேன். அபியின் ஸ்பிரேயையும் மீறி, நுளம்பு உண்மையாகவே கடிக்கிறதடா.